முனகும் ஹெரால்டு: சஸ்பென்ஷன் புஷ் தேய்மானத்தை அறிகுறி வைத்துக் கண்டுபிடித்து வீட்டிலேயே மாற்றுவது

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முனகுகிற ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் முதல் வைத்தியம், கண்ணில் படும் ரப்பரிலெல்லாம் கிரீஸ் தடவுவது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் சேஸியோடு சேரும் இடத்தில் மெத்தை போல இருக்கும் அந்த ரப்பர்கள்தான் புஷ்கள். இரண்டு வாரம் சத்தம் அடங்கும். பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பும். பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊறவைத்து, உப்பவைத்து, கடைசியில் பிசுபிசுத்த களியாக்கிவிடும். கிரீஸ் வைத்தவர் அந்தப் புஷ்ஷின் ஆயுளைக் குறைத்துவிட்டுத்தான் போகிறார்.

இத்தனைக்கும் வீட்டு வாசலில் வைத்துச் சஸ்பென்ஷன் வேலை செய்வதற்கு ஹெரால்டைப் போல் இடம் கொடுக்கும் கார் வேறில்லை என்பது என் எண்ணம். பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று 1959இல் வெளிவந்த இந்தக் கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் தயாரானது. தனிச் சேஸி. முன்பக்க மட்கார்டுகளோடு பானெட் மொத்தமும் முன்னோக்கித் திறந்துகொள்ளும். திறந்ததும் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து, மேல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் இரும்புக் கை), ஸ்பிரிங், ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பகுதி) எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்து வேலை செய்யலாம்.

புஷ் சுழல்வதில்லை

அறிகுறிகளுக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய். அதைச் சுற்றி ரப்பர். ரப்பரின் வெளிப்பக்கம் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது அதன் முனைத் துளைக்குள், இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய், சேஸியில் இருக்கும் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே பிடிபட்டு அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது சுழல்வது எதுவும் இல்லை; ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஈரத்துணியை இரு கைகளால் பிடித்துச் சற்றே முறுக்கி விடுவது போல.

ஆகவே, அந்தப் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பர் ஓய்வாக இருக்கும் நிலை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே புஷ்கள் எல்லாம் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும்போதுகூட அவற்றுக்கு ஓய்வில்லை. பள்ளத்தில் இறங்கினால் ஏற்கெனவே முறுக்கியிருக்கும் ரப்பர் இன்னும் முறுக்கப்பட்டுக் கிழியும்.

நான் முதல் தடவை முன்பக்கத்து எட்டுப் புஷ்களையும் மாற்றியபோது, வண்டி ஸ்டாண்டின்மேல் சக்கரங்கள் தொங்க நிற்கும்போதே எல்லா நட்டுகளையும் முழு பலத்தோடு இறுக்கினேன். நான்காவது மாதம் கீழ் ஆர்ம் புஷ்கள் நான்கும் போய்விட்டன. மட்டமான ரப்பர் என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தபோது கிழிசல்கள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அன்றுதான் காரணம் தெரிந்தது. கீழே எழுதியிருப்பதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது கிரீச்சென்ற முனகல்

காய்ந்துபோன ரப்பர் தன் இடத்தில் நழுவும் சத்தம் இது. காலையில் அதிகமாகக் கேட்கும். மழை நாளில் காணாமல் போகும். அந்த மழைதான் நமக்குச் சோதனை முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் சோப்புத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருவர் முன் மட்கார்டை அழுத்தி அழுத்தி விட, நீங்கள் ஒரு புஷ்ஷில் மட்டும் தெளியுங்கள். சத்தம் மாறாவிட்டால் அடுத்தது. எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

முனகுவதாலேயே புஷ்ஷை மாற்ற வேண்டும் என்பதில்லை. ரப்பரில் வெடிப்பு இல்லை, உள் குழாய் கண்ணுக்கு நடுவே இருக்கிறது என்றால், அந்தப் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்திக் குலுக்கிவிட்டு, அதே நிலையில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முன்பு யாரோ தொங்கவிட்டு இறுக்கியதாக இருந்தால் இத்தோடு சரியாகிவிடலாம்.

அறிகுறி: சிறு பள்ளங்களில் டொக் டொக்

இது முனகலைவிடக் கவனிக்க வேண்டிய சத்தம். இரும்பும் இரும்பும் இடிக்கின்றன. ஆர்ம் புஷ்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண் ரப்பரைப் பாருங்கள். அது நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சத்தம் அங்கிருந்துதான். அடுத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் சிறு லிங்க். அந்த லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றி, பார் எதிலும் இடிக்காமல் கட்டி வைத்து, தெருவைச் சுற்றி மெதுவாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆர்மைத் தொடத் தேவையில்லை.

அதற்கும் சத்தம் போகவில்லை என்றால் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங்கில் இருந்தது. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் மேலே பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு, அல்லது கீழே ட்ரன்னியன்.

ட்ரன்னியனைப் பற்றி இங்கே நின்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிப்பகுதியில் மரை இருக்கும்; அது ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்குக் கிரீஸ் அல்ல, கியர்பெட்டிக்கு ஊற்றும் ஈ.பி. 90 எண்ணெய்தான் போட வேண்டும். நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் அடித்தால், கிரீஸ் மரைகளுக்குள் சரியாகப் பரவாமல் கட்டியாக நின்றுவிடும். தண்ணீர் உள்ளே நுழைந்து மரையைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரு நாள் அந்த இரும்பு முறியும், சக்கரம் மடங்கிப் படுக்கும். ஸ்டியரிங் திடீரென்று கனமாகத் திரும்புகிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் ட்ரன்னியனைத் திறந்து பாருங்கள். மறுபடி பூட்டும்போது கடைசி வரை திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள்ளாகப் பின்வாங்கிப் பொருத்த வேண்டும். அப்போதுதான் சக்கரம் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும். இடது வலது ட்ரன்னியன்களின் மரை எதிரெதிர்த் திசை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போடவே முடியாது.

அறிகுறி: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

பிரேக்கில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்த பிறகு இங்கே வாருங்கள். காலி இடத்தில் நண்பர் ஒருவரை நடை வேகத்தில் ஓட்டி வந்து பிரேக் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் ஆறடி தள்ளி நின்று முன் சக்கரத்தையும் மட்கார்டு வளைவையும் பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகர்ந்து, விட்டதும் முன்னுக்கு வருவது கண்ணுக்குத் தெரிந்தால் கீழ் ஆர்மின் உள் புஷ்கள் போய்விட்டன. ஒரு டயர் லீவரை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் உறுதியாகும். நல்ல புஷ் சற்றே கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். தேய்ந்தது டொக்கென்று போய் இரும்பில் இடிக்கும்.

மாற்றும் வேலை இதுதான். ஒரு பக்கத்துக்கு மேல் ஆர்மில் இரண்டு, கீழ் ஆர்மில் இரண்டு, ஆக முன்பக்கம் மொத்தம் எட்டு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எது எப்படி இருந்தது என்ற குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும்.

ஸ்பேனர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஹெரால்டின் நட்டுகள் அங்குல அளவு. 7/16 அங்குலத்துக்கு 11 மில்லிமீட்டர் பொருந்தும், 3/4க்கு 19 பொருந்தும். ஆனால் 1/2 அங்குலம் என்பது 12.7, அதில் 13ஐப் போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும். 9/16 அங்குலம் என்பது 14.3, அதில் 14 ஏறாது, 15 வழுக்கும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், ரப்பரில் படாமல். மறுநாள் காலை, வண்டியைத் தூக்கும் முன், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை உயரத்தை அளந்து இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து அடியில் நுழைவது தற்கொலைக்குச் சமம். எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் அமைப்பை அப்படியே வெளியே எடுக்கலாம். மேலே வட்டமாக உள்ள மூன்று நட்டுகள், கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான். மேலே நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். கழற்றினால் ஸ்பிரிங் குண்டு போலப் பாயும்.

அடுத்து ஸ்டெபிலைசர் லிங்க். பிறகு ட்ரன்னியன் வழியாகப் போகும் நீளப் போல்ட். இந்த ஒரு போல்ட்டில்தான் பாதி நாள் போகும். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடித்து மரையை நாசமாக்க வேண்டாம். நட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு, தலையைப் பிடித்து இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் ட்ரன்னியனுக்கும் ஆர்முக்கும் நடுவே ஆக்சா பிளேடை நுழைத்து இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட், குழாய், நைலான் புஷ் மூன்றையும் எப்படியும் புதிதாகத்தானே போடப்போகிறோம். விடுபட்டதும் சக்கரம் மாட்டும் ஹப்பின் கனம் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. கம்பியால் சேஸியோடு கட்டிவிடுங்கள்.

கீழ் ஆர்மின் பிராக்கெட்டைச் சேஸியிலிருந்து எடுக்கும்போது இடையே மெல்லிய தகடுகள் விழும். அவை ஷிம்கள். சக்கரத்தின் சாய்வு அவற்றால்தான் அமைந்திருக்கிறது. எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று எழுதி, அந்தந்தப் பிராக்கெட்டோடு கம்பியில் கோத்து வையுங்கள். மேல் ஆர்முக்குப் பால் ஜாயிண்டை இழுத்துக் கழற்ற வேண்டியதில்லை. அதை ஆர்மோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் போதும்.

பழைய புஷ்ஷை எடுக்க நெருப்பு வைக்காதீர்கள். எரியும் ரப்பரின் புகை நஞ்சு, ஆர்மின் பெயிண்டும் போய்விடும். ரப்பரில் சுற்றிலும் நாலைந்து துளை போட்டால் உள் குழாய் கழன்று வரும். மிச்சத்தைக் கத்தியால் அறுத்து எடுக்கலாம். வெளியே இரும்பு உறை உள்ள வகை என்றால், ஆக்சா பிளேடைக் கண்ணுக்குள் கோத்து உறையில் மட்டும் ஒரு வெட்டுப் போட்டுத் தட்டினால் சுருங்கி வந்துவிடும். ஆர்மின் கண்ணில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணின் உள்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புதிய ரப்பர் உள்ளே போகும்போதே சிராய்ந்துவிடும்.

புதியதை ஏற்ற நல்ல வைஸ் ஒன்றும், புஷ்ஷைவிடப் பெரிய வாயுள்ள குழாய்த் துண்டு ஒன்றும் போதும். குழாய் ஆர்மின் ஒரு பக்கம், புஷ் மறுபக்கம், வைஸை மெல்ல இறுக்குங்கள். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவலாம். நான் விளக்கெண்ணெய்தான் பயன்படுத்துகிறேன். இயற்கை ரப்பரை அது கெடுக்காது. பிரேக் வேலைக்கு விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸின் அடிப்படையும் அதுதான். ரப்பர் இரு பக்கமும் சமமாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் பூட்டும்போது நட்டுகளை விரலால் திருகி, ஸ்பேனரால் ஒட்டும் அளவுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். சக்கரத்தை மாட்டி, அடியில் கை போக இடம் கிடைக்கும்படி இரண்டு சக்கரங்களுக்கும் அகலமான பலகைகளை அடுக்கி அதன்மேல் இறக்குங்கள். பானெட்டின் முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திக் குலுக்குங்கள். நீங்கள் முதலில் குறித்த உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? இப்போது இறுக்குங்கள், சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து. பானெட்டைத் திறந்தால் மேல் ஆர்மின் போல்ட்டுகள் எட்டும். கீழே உள்ளவற்றுக்குப் பலகை கொடுத்த உயரம் போதும்.

அறிகுறி: ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்கிறது

ஆர்ம் புஷ்களை மாற்றியும் இது போகவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. பெரும்பாலும் ஸ்டியரிங் ராக்கைச் சேஸியோடு பிடிக்கும் ரப்பர்கள்தான் காரணம். என்ஜின் எண்ணெய் ஒழுகி அவற்றின்மேல் விழுந்து ஊறிப்போயிருக்கும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, நீங்கள் ராக்கின் குழாயைப் பாருங்கள். குழாயே பக்கவாட்டில் நகர்ந்தால் ரப்பரை மாற்றுங்கள், எண்ணெய் ஒழுகலையும் நிறுத்துங்கள்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் தானாகத் திசை மாறுவது போலிருக்கிறது

ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் வேறு மாதிரி. வண்டியின் குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். இரு பக்கமும் ஊசலாடும் அச்சுகள். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது ரேடியஸ் ராடு ஒன்றுதான். அதன் இரு முனைப் புஷ்களும் தேய்ந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் முன்னுக்கும், விடும்போது பின்னுக்கும் போகும். மழையில் வளைவில் இது ஆபத்து. மாற்றுவதோ முன்பக்கத்தைவிட மிக எளிது: இரண்டு போல்ட், ராடு கையில் வந்துவிடும். அதையும் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

கிளட்ச்சை விடும்போது பின்னாலிருந்து ஒரு அடி கேட்டால் புஷ்ஷைக் குறை சொல்லும் முன் அச்சுகளின் யுனிவர்சல் ஜாயிண்ட்டையும் இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர்களையும் பாருங்கள். ஸ்பிரிங் முனைக் கண்களின் புஷ் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடியதுதான் என்றாலும், ஸ்பிரிங்கின் விசையை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு போல்ட்டை எடுக்க வேண்டும். முதல் முறை செய்பவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

புதிய புஷ் எங்கே, எது

சென்னையில் ஜி.பி. சாலையிலும் புதுப்பேட்டையிலும் உள்ள உதிரிபாகக் கடைகளில் ஹெரால்டு என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று தேடுங்கள். 1962 முதல் 1980 வரை தயாரான அந்த விளையாட்டுக் கார் ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைத்தான் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் அதற்குப் புஷ்கள் இன்றும் தயாராகின்றன. வாங்கும் முன் உங்கள் பழைய புஷ்ஷின் அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் நைலான் உருளையைக் கடைந்து ஆர்முக்குப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். நைலான் முறுக்கத்துக்கு இடம் கொடுக்காது, அதிர்வு முழுவதையும் சேஸிக்குக் கடத்தும்.

பாலியூரித்தேன் புஷ் வேறு கதை. அதில் உள் குழாய் உண்மையாகவே சுழலும். அதனால் எந்த நிலையில் இறுக்கினாலும் கிழியாது. நீண்ட நாள் உழைக்கும். சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் முனகும், நம் சாலைகளில் வண்டி சற்று முரடாகவும் ஓடும். கூட்டமான ஊருக்குள் மெதுவாக ஓட்டும் ஹெரால்டுக்கு ரப்பர்தான் சரி என்பேன்.

அறிகுறி: வேலை முடிந்த பிறகு வண்டி உயர்ந்து நிற்கிறது

பின்பக்கம் உயர்ந்து, சக்கரங்களின் அடி உள்ளே மடங்கி நின்றால் பயப்பட வேண்டாம். ஜாக்கியில் தூக்கி இறக்கிய ஒவ்வொரு முறையும் ஊசல் அச்சு அப்படித்தான் நிற்கும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அகல விடாது. சில கஜம் உருட்டினால் இறங்கிவிடும். அதனால்தான் பின் புஷ்களை இறுக்கும் முன்பும் வண்டியை உருட்டிவிட வேண்டும்.

முன்பக்கம் உருட்டியும் இறங்கவில்லை, முதலில் அளந்ததைவிட உயரமாக நிற்கிறது என்றால் எங்கோ ஒரு நட்டு அந்தரத்திலேயே இறுகிவிட்டது. எல்லாவற்றையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, குலுக்கி, மறுபடி இறுக்குங்கள். பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். புதிய புஷ்கள் ஆர்மை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கும், தேய்ந்த புஷ்களுக்கு ஏற்பச் செய்த அமைப்பு இனி பொருந்தாது. முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு காலை நேரத்தில், வண்டி தரையில் நிற்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் மறுபடி சோதித்துவிடுங்கள்.